பழைய இருட்டு

பம்பு ஓடத் தொடங்கிவிட்டது. இனி அரை மணி நேரத்துக்குக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நுண்ணோக்கியின் பெட்டிக்குள் இருக்கிற காற்று முழுக்க வெளியே போகிறவரை எலக்ட்ரான் கற்றையை உள்ளே விட முடியாது, எந்த மந்திரி வந்து சொன்னாலும் இயந்திரம் விடாது. தியாகேசன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். தள்ளியதும் பக்கத்தில் இருந்த கிருபாவதியின் முகம் முழுசாகத் தெரிந்தது. மறுபடி முன்னால் இழுத்துக்கொண்டார். முன்னால் இழுத்தால் திரை. திரையின் வலது மூலையில், சாம்பல் நிறத்தில், பெட்டியின் உள்பக்கம் தெரிந்தது: மேலே கூம்பாக இறங்கியிருக்கிற லென்ஸ், கீழே சின்ன வட்ட மேடை, மேடைமேல் அவள் பாளையங்கோட்டையிலிருந்து ராத்திரி ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த இரண்டு சிலிக்கான் துணுக்குகள். இருட்டுப் பெட்டிக்குள் இதெல்லாம் எப்படித் தெரிகிறது? உள்ளே ஒரு கேமரா இருக்கிறது, அதனால் தெரிகிறது. கேமராவுக்குப் பார்க்க வெளிச்சம் வேண்டாமா? வேண்டும். அதற்காக அதன் மூக்கைச் சுற்றி, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குகள் எரிகின்றன. இதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகூட ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிவிடும். சென்னையில் இத்தனை பெரிய நிறுவனத்தின் நுண்ணோக்கிக் கூடத்துக்குத் தலைவராக இருக்கிற முனைவர் தியாகேசனுக்கு அது உறைக்க வருஷக்கணக்காகியிருக்கிறது. உறைத்தது போன வாரம். அதுவும் யோசித்து உறைக்கவில்லை. பராமரிப்புக்கு வந்த பொறியாளர் கேமராவின் ஒயரைக் கழற்றிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார், சும்மா இருக்கிற நேரத்தில் நாம் வளர்த்த நுண்கம்பிகளை ஒருமுறை பார்ப்போமே என்று இவர் கற்றையை விட்டார், ஒளி வரவில்லை. அவர் பேரோடு சேர்த்துச் சொல்லப்படுகிற ஒளி, எந்த மேடைக்குப் போனாலும் அறிமுகம் செய்கிறவர் முதலில் சொல்லுகிற ஒளி, வரவில்லை. பொறியாளர் திரும்பி வந்து ஒயரைச் செருகினார். ஒளி வந்தது. "எல்லாம் ஓகேவா சார்?" என்று கேட்டார் அவர். "ஓகே" என்றார் தியாகேசன்.

ஓகே. அந்த ஓகேயை ஒரு வாரமாக மென்று விழுங்கப் பார்க்கிறார், தொண்டையைத் தாண்ட மாட்டேன் என்கிறது. எலக்ட்ரான் பட்டால் சில பொருள்கள் ஒளிரும், பழைய டிவிப் பெட்டியில் படம் தெரிந்தது அப்படித்தான், இதில் அதிசயம் ஒன்றுமில்லை. துத்தநாக ஆக்சைடும் ஒளிரும். தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிய கம்பிகளாக அதை வளர்த்து, ஒவ்வொரு கம்பியையும் கற்றையால் தொட்டு, அது என்ன நிறத்தில் ஒளிர்கிறது என்று பார்த்தால், உள்ளே அணுக்கள் எங்கே இடம் தவறி நிற்கின்றன என்பது தெரியும். ஊதா வரும், பச்சை வரும், உலகத்தில் எல்லோருக்கும் வந்தது. இவருக்கு மட்டும் சிவப்பையும் தாண்டி, கண்ணுக்கு எட்டாத இடத்தில், வரைபடத்தில் மாட்டுத் திமில் மாதிரி ஒரு மேடு வந்தது. அன்றைக்கு அவர் வீட்டுக்குப் போய் மனைவி வசுமதியிடம், நான் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன் என்று சொன்னார், அவள் மிக்சியை நிறுத்திவிட்டு என்னது என்று கேட்டாள், ஒளி என்றார், அவள் சிரித்துவிட்டு மிக்சியை மறுபடி போட்டாள். அந்த மேட்டில் கோளாறு இருப்பது அப்போதே தெரிந்திருக்க வேண்டாமா? கம்பியின் வடிவத்தில் ஒளி வரவில்லையே, எங்கே பார்த்தாலும் மூட்டமாக அல்லவா வந்தது. அதற்கும் ஒரு விளக்கம் எழுதினார், ஒளி கம்பிக்குள்ளேயே ஓடிப் பக்கங்களில் கசிகிறது என்று. என்ன அழகான விளக்கம். எழுதும்போது கண்ணில் நீர்கூட வந்தது. இருட்டை அளந்திருந்தால் போதும். கற்றையை நிறுத்திவிட்டு, வெறும் இருட்டில் எவ்வளவு ஒளி வருகிறது என்று ஒருமுறை அளந்து, அதைக் கழித்திருந்தால் கேமரா அன்றைக்கே அகப்பட்டிருக்கும். அளந்தார், ஆனால் அது முன்னாலேயே அளந்து வைத்த இருட்டு, கேமரா தானாக அணைந்துகொண்டிருந்த காலத்து இருட்டு. கணினியில் சேமித்து வைத்திருந்தார், ஒவ்வொரு முறையும் அந்தப் பழைய இருட்டையே எடுத்துக் கழித்தார், மாணவர்களும் அதையே கழித்தார்கள். நடுவில்தான் அந்தக் கட்டளை வந்தது. ஒளியைச் சேகரிக்கிற குழிக் கண்ணாடி லென்ஸுக்கும் மேடைக்கும் நடுவில் மயிரிழை இடைவெளியில் நுழைய வேண்டும், ஒரு பையன் பார்க்காமல் நுழைத்து அதில் கீறல் போட்டுவிட்டான். அன்று வந்த கோபத்தில் தியாகேசன் சொன்னார், இனிமேல் கேமரா எப்போதும் எரிய வேண்டும், எவனும் அணைக்கக் கூடாது. சிவப்பு மையில் எழுதி, திரைக்கு மேலே தன் கையாலேயே ஒட்டினார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

"எல்லாத்தையும் எழுதியே போட்டிருக்கீங்களே சார்" என்றாள் கிருபாவதி, அதையே பார்த்துக்கொண்டு. "எங்க காலேஜ்ல இப்படி ஒரு ஒழுங்கே கிடையாது. பிள்ளைங்க இஷ்டத்துக்குச் செய்யுதுங்க." அவர் உம் என்றார். அவளுக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும், இயற்பியல் துறை, கல்லூரியில் வகுப்பெடுத்து முடித்து மிச்ச நேரத்தில் ஆராய்ச்சி செய்கிறவள். ஏசி குளிருக்குப் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ரயில் தூக்கம் கண்ணில் இருக்க, ஒரு பரீட்சைக்கு வந்த பிள்ளைபோல் உட்கார்ந்திருந்தாள். காலையில் வந்ததும் பையிலிருந்து ஒரு எவர்சில்வர் தூக்கை எடுத்து, "எங்க அம்மா செஞ்சது சார், முந்திரிக்கொத்து, வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க" என்று நீட்டினாள். வாங்காமல் இருக்க முடியுமா? வாங்கினார். ஒன்றை அவள் எதிரிலேயே தின்றும் காட்டினார், தித்திப்பாக இருந்தது, தித்திப்பாக இருந்ததே வெட்கமாக இருந்தது. இவளை இதற்கு முன் அவர் பார்த்தது கோயம்புத்தூர் மாநாட்டில். மேடையேறி, குரல் நடுங்க, "எங்களுக்கு அந்த மேடு கிடைக்கலை, மூணு வேற வேற எடத்துல அளந்து பாத்தும் கிடைக்கலை" என்றாள். தலைமை வகித்தவர் இவர்தான். மைக்கை இழுத்து, "அம்மா, ராத்திரியில சூரியனைத் தேடிட்டு, சூரியனே இல்லேன்னு சொல்றீங்க" என்றார். மண்டபமே சிரித்தது. சிரிப்பு அடங்கட்டும் என்று கொஞ்சம் காத்திருந்து, தண்ணீர் குடித்து, அடுத்தவரைக் கூப்பிட்டார். அவளும் சிரித்தாள். அதுதான் இப்போது தொல்லையாக இருக்கிறது. மண்டபத்தில் சிரித்த முகம் ஒன்றும் ஞாபகமில்லை, தாளை அடுக்கிக்கொண்டே அவள் தானும் சேர்ந்து சிரித்தாளே, அந்த முகம்தான் வருகிறது, பல் தேய்க்கும்போது வருகிறது, சிக்னலில் நிற்கும்போது வருகிறது. எதற்காகச் சிரித்தாள்? சிரிக்காமல் என்ன செய்வாள்.

"சார், நான் ஒண்ணு சொல்லலாமா" என்றாள். பம்பின் சத்தம் கொஞ்சம் மாறியிருந்தது, பெரிய காற்றெல்லாம் போய்ச் சின்னக் காற்று போகிற சத்தம். சொல்லுங்கம்மா என்றார். "என் கட்டுரையைத் திருப்பி அனுப்பிட்டாங்க சார், போன வருஷம். யாரோ ஒருத்தங்க மதிப்புரை எழுதியிருந்தாங்க, இவங்களுக்கு அளக்கிறதுல போதிய திறமை இல்லேன்னு. பேர் போட மாட்டாங்கல்லா, யாருன்னு தெரியாது. படிச்சுட்டு ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கலை. அப்புறம் யோசிச்சுப் பாக்கேன், அவங்க சொல்லுதது சரிதானே சார்? உங்களுக்கு வருது, எனக்கு வரலைன்னா தப்பு எங்கிட்டதானே? அதான், உங்க மெஷின்ல, உங்க பக்கத்துல உக்காந்து, நான் எந்த எடத்துல பிசகுதேன்னு பாத்துட்டுப் போயிருவோம்னு வந்தேன். நீங்க உடனே வரச் சொன்னீங்க பாத்தீங்களா, எங்க ஹெச்சோடியே ஆச்சரியப்பட்டாரு." தியாகேசனுக்குக் காது மடல் சுட்டது. இந்தக் குளிரில் எப்படிச் சுடும், ஆனால் சுட்டது. அளக்கிறதில் போதிய திறமை இல்லை. அந்த வாக்கியத்தை அவர் எழுதியது இதே நாற்காலியில் உட்கார்ந்துதான். ஒரு சனிக்கிழமை மத்தியானம், கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது, வசுமதி போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தாள், கட்டுரையின் கடைசிப் பக்கங்களைப் படிக்கக்கூட இல்லை. படித்திருந்தால் அவள் ஒவ்வொரு முறையும் புது இருட்டை அளந்திருப்பது தெரிந்திருக்கும். போன வாரம் எடுத்துப் படித்தார், ஒவ்வொரு முறையும் அளந்திருக்கிறாள். அந்தக் கட்டுரை வந்திருந்தால் அவளுக்கு ஆய்வு நெறியாளர் தகுதி கிடைத்திருக்கும். கிடைக்காததால் அவளை நம்பி ஆராய்ச்சிக்குச் சேர்ந்த பெண் வேறு கல்லூரிக்குப் போய்விட்டாள். அதையும் கிருபாவதிதான் இன்று மத்தியானம் கேன்டீனில் ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள், யார்மேலும் வருத்தமில்லாமல், மழை பெய்யவில்லை என்று சொல்லுவதுபோல. அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்.

வரவேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். இயந்திரம் பழுது என்று ஒரு வரி எழுதியிருந்தால் முடிந்தது, யார் வந்து பார்க்கப் போகிறார்கள். ஆனால் வரச் சொல்லிப் பதில் போட்டது பொறியாளர் வருவதற்கு முன்னால், அப்போது அவர் பெருந்தன்மையில் இருந்தார், தோற்றவளுக்குக் கை கொடுக்கிற பெருந்தன்மை, அதன் ருசியே தனி. பிறகு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று எழுதியிருந்தாள். பிறகு ஒவ்வொரு நாளும், இன்றைக்குச் சொல்லிவிடலாம், இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒத்திப்போட்டார். ஆனால் ஒரே ஒரு காரியத்தை அவர் ஒத்திப்போடவில்லை: இயந்திரத்தை ஓட்டுகிற செந்தாமரைக்கண்ணனைக் கூப்பிட்டு, வியாழக்கிழமை லீவு எடுத்துக்கொள்ளப்பா, ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாயே என்றார். அவன் குழம்பிப்போய், நான் கேட்கவே இல்லையே சார் என்றான். பரவாயில்லை எடுத்துக்கோ. ஏன் அப்படிச் செய்தார்? பக்கத்தில் ஆள் இல்லாமல் இருந்தால் நல்லது. எதற்கு நல்லது? அந்தக் கேள்வியை அவர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவில்லை, அதன் பக்கத்திலேயே போகாமல் சுற்றிக்கொண்டு போனார். அப்பா இப்படித்தான். முடிவெட்டும் கடையிலிருந்து யாருடைய குடையையோ மாற்றி எடுத்துவந்துவிட்டார், கைப்பிடியில் வளையம் போட்ட உயர்ந்த குடை, இரண்டு தெரு தள்ளி இருந்த தபால்காரருடையது என்று மறுநாளே தெரிந்துவிட்டது. திருப்பிக் கொடுக்கவில்லை. தபால்காரரின் தெரு வழியாகப் போகாமல் அப்பா மழையில் ஒரு சுற்றுச் சுற்றி ஆபீஸ் போனார், அவர் கையைப் பிடித்துக்கொண்டு இவரும் பள்ளிக்கூடத்துக்கு அந்தச் சுற்று சுற்றியிருக்கிறார். ஏம்பா இப்படிப் போறோம் என்று கேட்டதற்கு, அந்தத் தெருவில் நாய் இருக்கு என்றார் அப்பா. நல்ல மனுஷன்தான், சாகிறவரை ஊரில் நல்ல பேர். இவருக்கும் நல்ல பேர்தான். அது மட்டுமா, இது தன் ஒருவர் பேர் மட்டும் என்றால் எப்போதோ சொல்லியிருப்பார், அப்படித்தான் சொல்லிக்கொண்டார், ஆனால் கட்டுரையில் கூட இருப்பது பழைய மாணவன் முத்துவேலின் பேரும்தானே, கொரியாவில் இப்போதுதான் அவனுக்கு வேலை நிரந்தரமாகியிருக்கிறது, போன மாதம்தான் குழந்தை பிறந்தது, அந்தக் குழந்தையின் கதி என்ன? பாருங்கள், கொரியாவில் தொட்டிலில் கிடக்கிற ஒரு சிசுவுக்காகத்தான் மனுஷன் இத்தனை பாடுபடுகிறார்.

பச்சை விளக்கு எரிந்தது. காற்று போய்விட்டது. கிருபாவதி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள், பேனா மூடியைக் கடித்துக்கொண்டாள். தியாகேசன் குழிக் கண்ணாடியை உள்ளே நகர்த்தினார், மூலையில் இருந்த சாம்பல் படத்தில் அது மெதுவாக, நாக்கு நீளுவதுபோல, லென்ஸுக்கும் மேடைக்கும் நடுவில் நீண்டது, நின்றது. மோதவில்லை. கேமராவின் வேலை இத்துடன் முடிந்தது. இதற்கப்புறம் அதை அணைக்க வேண்டும், அணைப்பதற்கு மவுஸை நகர்த்தி அந்த மூலையில் ஒரு முறை அழுத்த வேண்டும், வேறொன்றுமில்லை. அணைத்தால் அவளுடைய கம்பிகளில் ஊதா வரும், பச்சை வரும், திமில் வராது. உங்களுக்கும் இன்றைக்கு வரவில்லையே சார் என்பாள். அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வரும். பத்திரிகைக்கு எழுத வேண்டும், கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும், இயக்குநர் அறைக்குப் போக வேண்டும், அங்கே அந்த வழுக்கைத் தலை மேலே தூக்கப்பட்டு, அப்படியா தியாகேசன் என்று கேட்கும். இளைஞர்கள் கூட்டமாக நின்று டீ குடிக்கும்போது சொல்லிச் சிரிப்பார்கள், கேமரா பல்பைக் கண்டுபிடித்தாரே அவரா என்று. ஆயுசுக்கும் சொல்லுவார்கள். அணைக்காவிட்டால்? அணைக்காவிட்டால் அவளுக்கும் திமில் வரும். அவள் சந்தோஷப்படுவாள். அதைத் தேடித்தானே வந்திருக்கிறாள், கிடைக்கட்டுமே, கட்டுரை எழுதட்டும், இவரே மதிப்புரை எழுதுவார், இந்தத் தடவை கடைசிப் பக்கம்வரை படிப்பார், நெறியாளர் ஆகட்டும், போன பெண் திரும்பி வரட்டும். யாருக்கு என்ன நஷ்டம்? ஒரு பொய்க்கு இரண்டு பேர் சொந்தக்காரர்கள் ஆவார்கள், அவ்வளவுதானே. இப்படி யோசிக்கிறவன் நான்தானா என்று ஒரு கணம் திடுக்கிட்டது, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது, ஆனால் கை அந்த மூலையைத் தாண்டிப் போய், கற்றையைத் திறக்கிற இடத்தில் நின்றுவிட்டது. கையைக் குற்றம் சொல்லி என்ன பிரயோஜனம். கேமரா எரிந்துகொண்டிருந்தது.

"சார், ஒரு நிமிஷம்" என்றாள் கிருபாவதி. "முதல்ல அந்த வெறும் சிலிக்கானைப் பாத்துக்கிடலாமா? கம்பி வளர்க்காத துண்டு சார், சும்மா ஒப்பிட்டுப் பாக்க. எங்க பழக்கம். அதுல ஒண்ணும் வராதுன்னு தெரியும், இருந்தாலும் பாத்துட்டா மனசுக்கு ஒரு திருப்தி." வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது, நேரம் ஆகிறது, கற்றை நிலைக்காது, என்னென்னவோ வந்தது. ஆனால் என்ன காரணம் சொன்னாலும் அது காரணமாக இருக்காது. மேடை நகர்ந்தது. திரையில் வெறும் சிலிக்கான் வந்தது, கழுவிவிட்ட தரை மாதிரி, ஒரு கம்பி இல்லை, ஒரு தூசி இல்லை. பழைய இருட்டைக் கழித்துக்கொண்டு கணினி வரைபடத்தைப் போட ஆரம்பித்தது. இடது பக்கம் தட்டையாக வந்தது. ஊதா இல்லை. பச்சை இல்லை. நேர்கோடாக வந்துகொண்டே இருந்தது, வந்து, சிவப்பைத் தாண்டி, எழும்பிற்று. திமில். சுத்தமான, வழவழப்பான திமில், அவருடைய கட்டுரையின் முதல் படத்தில் இருப்பது அப்படியே. ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து. கிருபாவதி பேனாவைக் கீழே வைத்தாள். அவள் கேட்கப்போகிறாள், இதோ கேட்கப்போகிறாள், கேட்கட்டும், அவளே கேட்டுவிட்டால் நல்லதுதான், நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை, பிடிபடுவது எத்தனை சுலபம், பிடிபட்டவனுக்கு ஒரு நிம்மதி உண்டு என்று அவருக்குத் தோன்றியது. தோள் தானாகத் தளர்ந்தது. அவள் வரைபடத்தின் பக்கம் குனிந்தாள்.

"ஐயோ" என்றாள். "ரெண்டு துண்டையும் நான் ஒரே டப்பால போட்டுக் கொண்டுவந்துட்டேன் சார். ரயில் குலுங்குன குலுக்கல்ல கம்பி உதிர்ந்து இதுலயும் ஒட்டியிருக்கும். அதான் இதுலயும் வருது. இவ்வளவு தூரம் வந்து, உங்க நேரத்தையும் பாழாக்கி... எனக்கு அளக்கத் தெரியலைன்னு அவங்க எழுதுனது சரிதான் சார். ஒரு துண்டைச் சுத்தமாக் கொண்டுவரத் துப்பில்லை எனக்கு." சொல்லிக்கொண்டே தலைப்பால் கண்ணைத் துடைத்தாள், அவசர அவசரமாக, அவர் பார்த்துவிடக் கூடாதே என்று திரும்பிக்கொண்டு. திரையில் ஒரு கம்பி இல்லை. கண் எதிரே வெறும் தரை. அதைப் பார்த்துக்கொண்டே, தன் கண்ணைவிட அவரை நம்புகிறாள், இல்லாத கம்பியை உண்டாக்கி, அதன் பழியையும் எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள். இவளை இப்படி ஆக்கியது யார்? இப்படித்தான் பிறந்தாளா? மூன்று இடத்தில் அளந்துவிட்டு, மண்டபத்தில் எழுந்து நின்று இல்லை என்று சொன்னவள் அல்லவா இவள். தியாகேசனுக்கு மூச்சு முட்டியது. நெஞ்சுவலியோ என்றுகூட நினைத்தார், வந்தால் நல்லது என்றும் நினைத்தார், வரவில்லை. "கேமரா எரியுதும்மா" என்றார். தன் குரல் என்றே தெரியவில்லை, கட்டைக் குரலாக இருந்தது. அவள் புரியாமல் பார்த்தாள். அவர் மூலையில் அழுத்தினார். சாம்பல் படம் கறுப்பானது, அடுத்த வரைபடத்தில் திமில் இல்லை, கோடு கடைசிவரை தட்டையாகக் கிடந்தது. மறுபடி எரியவிட்டார், எழும்பிற்று. அணைத்தார், படுத்தது. சுவிட்ச் கிடைத்த குழந்தைபோல் போட்டுப் போட்டு அணைத்தார், அவள் போதும் சார் என்று சொல்லுகிறவரை.

கறுத்துக் கிடந்த அந்த மூலையை அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "அப்போ நான் அளந்தது..." என்று இழுத்தாள். "சரிதாம்மா. நீங்க அளந்தது எல்லாமே சரி. நான் பார்த்தது கேமரா வெளிச்சம்." இதைச் சொன்னதும் ஒன்றும் இடிந்து விழவில்லை, ஏசி ஓடிக்கொண்டிருந்தது, அவருக்கு அழுகை வரும்போல, கூடவே பசி எடுக்கும்போல, விநோதமாக லேசாக இருந்தது. மிச்சத்தையும் சொல்லிவிடலாம், இதே ஓட்டத்தில் சொன்னால் சொல்லிவிடலாம், போன வாரம் ஒயர் கழன்றது, லீவு கொடுத்தது, அந்த மதிப்புரை. வாயில் வார்த்தைகள் வரிசையாக நின்றன. கிருபாவதி நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள். அவள் முகம் இத்தனை நாள் இவர் ஞாபகத்தில் இருந்த முகமாக இல்லை, கழுவித் துடைத்த முகமாக இருந்தது. "இப்பத்தான் உங்க கண்ணுல பட்டுச்சா சார்?" என்று கேட்டாள். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, தனக்கும் அதே நிமிஷத்தில்தானே தெரிந்தது என்ற சந்தோஷத்தில் கேட்டாள். தியாகேசன் திரையைப் பார்த்தார், மேலே ஒட்டியிருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார். இல்லை என்று ஒரு வார்த்தை. அதற்குப் பின்னால் இன்னும் எத்தனை வார்த்தை. "ஆமாம்மா" என்றார். "இப்பத்தான்." அவள் தலையை ஆட்டினாள், கண் மறுபடி நிறைந்தது. "வேற யாரா இருந்தாலும் மூடி மறைச்சிருப்பாங்க சார். நான் ஒரு சின்னக் காலேஜ் டீச்சர், எனக்கு என்ன தெரியப் போகுது, பேசாம என்னை அனுப்பி வச்சிருக்கலாம். நீங்க பாத்த அந்த நிமிஷமே சொல்லிட்டீங்க. இந்த மனசு யாருக்கு வரும்? எங்க பிள்ளைங்ககிட்ட நான் இதைக் கட்டாயம் சொல்லுவேன். அன்னைக்கு மாநாட்டுல நீங்க கேலி பண்ணுனப்போ, உண்மையைச் சொல்லணும்னா, உங்களைத் திட்டிக்கிட்டேதான் ஊருக்குப் போனேன், மனசுக்குள்ள. அதுக்கு மன்னிச்சிருங்க சார்." எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பினாள். நிற்கிறவர் எதிரில் உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை என்பதால் தியாகேசனும் எழுந்துகொண்டார். எழுந்து, "பரவால்லம்மா" என்றார்.